மீசை வைத்த வாடிக்கையாளர்

"அதெல்லாம் படிக்க வேண்டாம்மா. கையெழுத்து எங்க போடணும், அதை மட்டும் காட்டு."

"அப்படிப் போடக் கூடாது சார். விலை விவரத்தை முழுசா வாசிச்சுக் காட்டணும். விதி."

மின்சாரமும் குழாய் எரிவாயுவும் விற்கும் கம்பெனியின் கடை அது. விற்பனைப் பெண்ணின் எதிரே வாடிக்கையாளர் வேஷத்தில் உட்கார்ந்திருந்தவரோ, ஒழுங்குமுறை ஆணையத்தின் மின்சாரப் பிரிவு ஆய்வாளர். இரண்டு மாதமாக ஒரு விதிமீறலைக்கூடப் பிடிக்கவில்லை. "இன்னிக்கும் வெறுங்கையோட வந்தீங்கன்னா, பழைய ஃபைல் ரூம்தான் உங்களுக்கு" என்று மேலதிகாரி கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். தூசி என்றாலே ஆய்வாளருக்கு அடுக்குத் தும்மல் வரும்.

விற்பனைப் பெண்ணோ பிடி கொடுக்கவே இல்லை.

"வீட்ல யாராவது ஆக்சிஜன் மெஷின்ல இருக்காங்களா சார்?"

"எதுக்கும்மா?"

"இருந்தா கரண்ட்டைத் துண்டிக்கக் கூடாது. அதான் முதல்லயே கேக்கணும்."

அதிலும் குறையில்லை! அவர் குரலைத் தாழ்த்தினார். "என் மச்சான் வீட்டு இணைப்பையும் உங்க கம்பெனிக்கே மாத்திடு. அவனுக்குப் பதிலா நானே கையெழுத்துப் போடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"அவரேதான் வரணும் சார். கையெழுத்துப் போட்டாலும், பத்து நாளுக்குள்ள மனசு மாறினா ரத்து பண்ணிக்கலாம்."

"அட, அதைப் போய்ச் சொல்வாங்களா? வியாபாரம் கெட்டுடாது?"

அவள் அவருடைய மேலுதட்டையே உற்றுப் பார்த்தாள். வியர்வையில் ஒட்டு மீசை ஒரு பக்கம் கிளம்பியிருந்தது. விரலால் அழுத்திக்கொண்டு அவசரமாக எழுந்தார்.

பொய் எழுத அவருக்கு மனம் வரவில்லை. 'இப்படியொரு நேர்மையான விற்பனையாளரை நான் பார்த்ததே இல்லை' என்று அறிக்கை எழுதி, மறுநாள் கையில் பெரிய கைக்குட்டையோடு மேலதிகாரி முன்னால் போய் நின்றார்.

மேலதிகாரி படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு நம்ம பக்கத்து ரூம் எரிவாயுப் பிரிவுக்குப் புதுசா வந்த ஆய்வாளருய்யா! கம்பெனிக்குள்ள என்ன கூத்து நடக்குதுன்னு பாக்க, வேலைக்குச் சேர்ற மாதிரி உள்ள போயிருக்கு. நமக்கு ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க!"

ஆய்வாளருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. "அப்ப அவங்களும் எதையும் பிடிக்கலையா சார்?"

"பிடிச்சாச்சு, காலைலதான் அறிக்கை வந்துச்சு" என்று மேலதிகாரி ஒரு காகிதத்தை நீட்டினார். "விதியை மீறச் சொல்லி ஊழியர்களைத் தூண்டிவிட, ஒட்டு மீசை வெச்ச ஆள் ஒருத்தனைக் கம்பெனியே அனுப்புதாம்!"