இவர் இறந்து வெகு நேரமாகிறது

சிசிலி அக்கா வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, கோயிலுக்குள் வருவதுபோல வந்து கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார்.

நோர்வூட் பஜாரில், செருப்பு சப்பாத்து விற்கும் எங்கள் கடைக்கு மேல்மாடியில்தான் ஜூட்சனின் ஸ்டூடியோ. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டு ஒழுங்காக இருந்தவன், இந்த வருஷம் என்ன பிடித்ததோ, ஒரு துப்பறியும் படம் எடுத்துவிட்டான்.

துப்பறிவாளன் நான்தான். இன்சாப் என்று பெயர் போடும்போது பின்னால் இடி முழங்கும்.

சிரிப்புப் படம். தேயிலைத் தோட்டத்தில் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா இரவல் தந்த மழைக்கோட்டு என் கணுக்காலில் தடுக்கும். நான் ஸ்டைலாகச் சிகரெட் பற்றவைக்கப் போனால், ஈரத்தில் ஒரு நெருப்புக்குச்சியும் பற்றாது. மர்ம அழகியாக வந்த வினோதா கண்ணைச் சுருக்கி என்னை மயக்கும் நேரம் பார்த்து அவள் காலில் அட்டை ஏறிவிட்டது. அவள் போட்ட கூச்சலையும் ஜூட்சன் அப்படியே படத்தில் வைத்துக்கொண்டான்.

எல்லாம் நன்றாகத்தான் வந்தது. பிணம்தான் பிரச்சினை.

பிணமாகப் படுத்தவர் மத்தியாஸ் அண்ணன், சிசிலி அக்காவின் புருஷன். ஜூன் மாதம் தேயிலை மலையில் குளவி கொட்டி அவர் உண்மையாகவே போய்விட்டார்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் படம் காட்டுவதாகச் சொல்லியாகிவிட்டது. அக்கா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அதோடு சரி. பிணம் இல்லாமல் துப்பறிவாளனுக்கு என்ன வேலை?

செத்துப்போன புருஷன் செத்துக்கிடப்பதைப் பார்த்து ஊரே சிரிக்கும், பரவாயில்லையா என்று எப்படிக் கேட்பது? ஜூட்சன் கேட்காமலே படத்தை ஓடவிட்டான்.

டயகமத் தோட்டம். ஜனவரி மாதத்து விடியற்காலை. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் மத்தியாஸ் அண்ணன் தன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடக்கிறார். அதே கோட்டோடுதான் அவரை அடக்கம் செய்தோம்.

பூதக்கண்ணாடியோடு நான் குனிந்து, நீளமாகத் தடயங்களை அடுக்கிவிட்டு நிமிர்கிறேன். என் கட்டைக் குரல் கேட்கிறது. "இவர் இறந்து வெகு நேரமாகிறது."

அக்கா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய் எதையோ தேடினார்.

"அவரு மூச்சு எங்க தம்பி?"

ஜூட்சன் படத்தை நிறுத்தினான்.

அந்தக் காட்சியை எடுத்த அன்றைக்கு அப்படி ஒரு குளிர். அண்ணனும் மூச்சை அடக்கித்தான் பார்த்தார். ஆனால் என் வசனம் நீளம். நான் அந்த வரிக்கு வந்து சேரும்போது பிணத்தின் மூக்கிலிருந்து வெள்ளையாகப் புகை வரும். திரும்பவும் எடுப்போம், திரும்பவும் வரும். "நீங்க வசனத்தச் சுருக்குங்க தம்பி, சாவுற வேலைய நான் பாத்துக்கிறேன்" என்றார் அண்ணன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கம்பளியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற சிசிலி அக்காவும் சிரித்தார்.

ஜூனுக்குப் பிறகு ஜூட்சனுக்கு மனம் கேட்கவில்லை. போனவரைப் பார்த்து ஊர் சிரிக்கக்கூடாது என்று இரவு பகலாக உட்கார்ந்து அந்தப் புகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுத்தான். அக்கா சந்தோஷப்படுவார் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

"மரியாதையா இருக்கட்டுமேன்னு அழிச்சிட்டேன் அக்கா," என்றான் ஜூட்சன்.

"பழசு இருக்கா?"

இருந்தது. அதைத் தேடி எடுத்து ஓடவிட்டான்.

அதே தேயிலை, அதே கோட்டு. நான் குனிகிறேன்.

மத்தியாஸ் அண்ணனின் மூக்கிலிருந்து, பிளேன்ட்டீக் கோப்பையில் எழும்புகிற மாதிரி, சின்னதாக ஓர் ஆவி எழும்பியது. கழுத்துப் பட்டிக்கு மேலால் போய், என் தொப்பி விளிம்பைத் தொட்டு, பனிமூட்டத்தோடு கலந்தது. எது அவருடைய மூச்சு, எது டயகமப் பனி என்று ஒரு கணம்தான் பிரித்துப் பார்க்க முடிந்தது.

எத்தனையோ தடவை நான் பார்த்துச் சிரித்த காட்சி அது. இப்போது "சுப்ஹானல்லாஹ்" என்று என்னை அறியாமலே வாயில் வந்தது. ஜூட்சன் சிலுவை போட்டுக்கொண்டான். கீழே கடையில் வாப்பா யாருக்கோ சிங்களத்தில் சப்பாத்து அளவு சொல்லிக்கொண்டிருந்தார்.

திரையில் நான் நிமிர்ந்து, மழைக்கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டு, உலகத்துக்கே அறிவித்தேன்.

"இவர் இறந்து வெகு நேரமாகிறது."

எனக்குக் கீழே அண்ணன் இன்னொரு மூச்சு விட்டார்.

அக்கா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். கீழே வாப்பாவின் பேச்சு நின்றுபோகும் அளவுக்குச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்ததைத் துடைக்கவும் இல்லை.

"ஞாயித்துக்கெழம இதத்தான் போடணும்," என்றார்.

பிறகு திரையில் நிற்கும் என்னை விரலால் காட்டினார்.

"இந்தத் துப்பறியிற தம்பிக்கு ஒண்ணுமே தெரியல பாருங்க."