இடப்பக்கம் திரும்பியவர்

“அப்பாவுக்கு ஞாபகம் போயிடுச்சு. முதியோர் இல்லத்துல இடம் கேட்டு வெச்சாச்சு. இப்போ எதுக்கு அவரை ஊருக்கு இழுத்துட்டுப் போறே?”

அண்ணன் சொன்னதை லொரேன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“பொறந்த ஊரைக் கண்ணால பாக்கட்டும். அங்கே ஞாபகம் சரியா இருந்தா, அவர் வீட்டுலயே இருப்பார். சரியா?”

பந்தயம் கட்டிவிட்டு அப்பாவை ஹொனலுலுவில் விமானம் ஏற்றினாள்.

அப்பா பிறந்த ஹனாமோலுவில் கரும்பாலை மூடிப் பல வருஷமாகிவிட்டது. ஒற்றைத் தெரு மட்டும் அப்படியே இருந்தது. எண்பத்து நாலு வயது அப்பா ஷிகெரு காரை விட்டு இறங்கியதும் பையனாகிவிட்டார்.

“இதோ, இங்கேதான் சம்பளம் குடுப்பாங்க. அது சலூன். என் காதை வெட்டினவன் கடை.”

“மெதுவாப் போங்கப்பா. விழுந்து வெச்சீங்கன்னா அண்ணன் என்னைத்தான் கடிப்பான்.”

புத்தர் கோயில் மைதானத்தில் காகித விளக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முன்னோரை வரவேற்க அந்த ஊர் ஜப்பானியர்கள் வருஷா வருஷம் ஆடும் வட்ட ஆட்டம். மேளத்தில் ஒரு தட்டு விழுந்ததும் ஷிகெருவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“கேட்டுக்கோ. மண்வெட்டியால வெட்டற மாதிரி ரெண்டு வெட்டு, தோளுக்கு மேல ஒரு வீச்சு, கையைத் தட்டி வலப்பக்கம் திரும்பணும். மறந்துடாதே.”

“நானா மறக்கப் போறேன்?”

வட்டத்துக்குள் புகுந்தார். வெட்டினார். வீசினார். லொரேனுக்குப் புல்லரித்தது. அண்ணனுக்கு அனுப்புவதற்காக செல்போனில் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.

கை தட்டல். ஊரே வலப்பக்கம் திரும்பியது.

அப்பா இடப்பக்கம் திரும்பினார்.

அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். பக்கத்தில் ஆடிய ஓலைத்தொப்பிக் கிழவரும் இடப்பக்கமே திரும்பினார். ‘இவரைப் பார்த்து அவரும் குழம்பிட்டாரே’ என்று லொரேன் தவித்தாள். யாரோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். பாவம் பார்த்திருப்பார்கள்.

செல்போனை அணைத்தாள். அண்ணன்தான் ஜெயித்தான்.

பாட்டு முடிந்ததும் அப்பாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

“போதும்ப்பா, போகலாம். எனக்கு வலப்பக்கம்னு சொல்லிக் குடுத்துட்டு, நீங்களே இடப்பக்கம் திரும்பறீங்க.”

“வலப்பக்கம்தான் சரி. யாரு இல்லேன்னது?”

“அப்புறம்?”

“அந்தத் தொப்பிக்காரன் பெனிக்னோ. கரும்புத் தோட்டத்துல பிலிப்பினோ குடியிருப்புக்காரன். எங்க ஆட்டத்துக்கு முதல்முதலா வந்த அன்னைக்கே தப்பாத்தான் திரும்பினான். மடையனுக்கு இன்னும் வரலை.”

“அதுக்கு நீங்களும் ஏன் தப்பா ஆடணும்?”

அடுத்த பாட்டுக்கு மேளம் முழங்கியது. ஷிகெரு கையை விடுவித்துக்கொண்டார்.

“அன்னைக்கும் அவன்கூட அப்படித்தான் ஆடினேன். ஒருத்தன் தப்பாத் திரும்பினா ஊரு சிரிக்கும்டி. ரெண்டு பேரு திரும்பினா, இப்படியும் ஒரு ஆட்டம் இருக்கும்போலன்னு வாயை மூடிக்கும்.”