எட்டு ஷீட்

வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கியவரைப் பார்த்ததும் சகாயராணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறு ஞாயிறாக மாதா கோயில் பூசைக்குப் போயும், சாமியார் கொடுக்கும் நன்மை அப்பத்தை வாங்காமல் கடைசி பெஞ்சோடு திரும்பிக்கொண்டிருக்கிறாள். திருடிய கையை நீட்டி அதை எப்படி வாங்குவதாம்?

வந்தவர் ஸ்ரீதர் சார், ஸ்ரீரங்கத்துக்காரர். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் விதிப்படி கட்டடம் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது அவர் வேலை. புத்தூரில் நாலு மாடி அபார்ட்மென்ட் எழும்பியபோது சகாயராணி அங்கே சித்தாள். இவர் வந்து வேப்பமர நிழலில் டீ குடித்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறாள்.

"உள்ள வரலாமாம்மா?"

"வாங்க சார்."

பாலக்கரையில் ரயில்வே லைன் ஓரத் தகரக் கூரை வீடு அது. வெளியே அக்னி நட்சத்திரம் மண்டையைப் பிளந்தது. கரண்ட் வேறு இல்லை. ஆனாலும் தூளியில் மூன்று மாதப் பேத்தி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்தால் போதும், கூரைக்கு அடியில் தெரியும் நீலக் கை அடையாளத்தைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரிப்பாள்.

ஸ்ரீதர் கழுத்து வியர்வையைத் துடைத்தார். "அட, சில்லுனு இருக்கே!" என்றார்.

அவ்வளவுதான், அவள் கண் தானாகக் கூரைக்கு அடியில் போய் நின்றது.

மாசி மாதம் நடந்தது அது. மொட்டைமாடியில் ஓடு பதிக்கும் முன் அடியில் விரிக்க வெள்ளை ஷீட் எட்டு வந்திறங்கின. "இதைப் போட்டா வெயில் கீழ எறங்காது. ஏசி கம்மியா ஓடும், கரண்டுக்கு எரிக்கிற நிலக்கரியும் குறையும். உலகம் சூடாகக் கூடாதுன்னு கவர்மென்ட் ரூல் போட்டிருக்கு" என்றார் மேஸ்திரி ஆஸ்டின். அன்று முழுக்க அந்த எட்டையும் இந்த மூலை, அந்த மூலை என்று தூக்கித் தூக்கியே அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. மீதி லோடு பின்னால் வருமாம்.

சாயந்திரம் எட்டும் தண்ணித் தொட்டி ஓரம் கிடந்தன. நிறைமாத மகள் லிசி தகரத்துக்குக் கீழே வேகிறாளே என்ற நினைப்பு அவளைப் பிடித்து உலுக்கியது. குட்டியானை வண்டி டிரைவரிடம் கெஞ்சி, எட்டையும் ஏற்றிக்கொண்டு வந்து தகரத்துக்கு அடியில் கட்டிவிட்டாள். மறுநாளே லிசிக்கு வலி கண்டுவிட்டதால் வேலைக்கும் போகவில்லை.

சித்திரை பிறந்த கையோடு ஆஸ்டின் ஒரு சேதி சொன்னார். தண்ணித் தொட்டிக்குக் கீழ் வீட்டு மும்தாஜ் அம்மா, ரெண்டு ஏசி ராப்பகலாக ஓடியும் வெக்கை தாங்காமல் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். அடிப்பாவி, உலகம் சூடாவது கிடக்கட்டும், ஒரு மனுஷியையே வேக வைத்துவிட்டோமே என்று சகாயராணிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஸ்ரீதர் பையிலிருந்து டைப் அடித்த தாளை எடுத்தார். "வெக்கை தாங்கலைன்னு அபார்ட்மென்ட்காரங்க மனு கொடுத்துட்டாங்க. ஷீட்டையெல்லாம் நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்கன்னு ஆஸ்டின் சொல்றார். அதைத்தான் இதுல எழுதியிருக்கு. ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா..."

"நான்தான் சார் எடுத்தேன்!" அவள் உடைந்து போனாள். "இப்பவே கழட்டித் தர்றேன், அந்தம்மா வீட்டு மேல போட்டுடுங்க. போலீசுக்கு மட்டும் போயிடாதீங்க சார். நான் உள்ள போயிட்டா எம் மகளையும் புள்ளையையும் யார் பாக்குறது?"

அவள் கை காட்டிய பக்கம் அவர் அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே நின்றார்.

"அது என்னம்மா, நீலமா ஒரு கை?"

"ஆஸ்டின் மேஸ்திரி பெயின்ட் கையோட தொட்டது சார். எவ்வளவு தேச்சும் போகல."

ஸ்ரீதர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பைலைத் திறந்து நாலு போட்டோவை வரிசையாகப் பரப்பினார். மொட்டைமாடியின் நாலு மூலைகள். நாலிலும் வெள்ளை ஷீட், நாலிலும் அதே நீலக் கை.

"மாடி பூரா ஷீட் போட்டாச்சுன்னு எனக்கு அனுப்பின போட்டோ இது. அந்த எட்டையே மூலைக்கு மூலை வச்சு எடுத்திருக்காங்க. அதுக்கப்புறம் ஒரு ஷீட்கூட வரலை போலிருக்கு."

"அப்ப மும்தாஜம்மா வீட்டு மேல?"

"யார் வீட்டு மேலயும் இல்லம்மா. நான் கீழயே டீ குடிச்சிட்டுச் சான்றிதழ் கொடுத்துட்டேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பயத்தில் லிசியின் பேனாவை எடுத்து நீட்டிக்கொண்டு, "எங்க சார் கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

அவர் அந்தத் தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

"ஷீட் இருக்குன்னு நான் போட்ட கையெழுத்து உங்க வீடு ஒண்ணுலதாம்மா உண்மை."