பழைய கோச்

லூர்துபிரகாஷின் மகள் மெரின் வீசிய சாஃப்ட்பால், பேட்டோடு நின்றவளின் காலடியில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது.

"டீம் செலக்‌ஷனுக்குப் பத்து நாள்தான் இருக்கு. எந்தப் புண்ணியவான் சார் இப்படிச் சொல்லிக்குடுத்தது? பெத்தாங்க் ஆட்டத்துல இரும்புக் குண்டு போடுற மாதிரியில்ல வீசுறா!" என்று தலையில் கைவைத்தார் புதிய கோச் அன்புசெல்வி.

"அந்த ஆளுக்கு அதுதான் மேடம் தெரியும். அதுல கப்பெல்லாம் வாங்கியிருக்கான்" என்ற லூர்துபிரகாஷ், குரலில் எட்டிப்பார்த்த பெருமையை அவசரமாக விழுங்கினார். "ரெண்டுமே கையைக் கீழ விட்டு வீசுறதுதானேன்னு நெனச்சுட்டான், மடையன். இனிமே நீங்கதான் பாத்துக்கணும்."

"பாத்துக்கிறேன். ஆனா அந்த ஆளு இந்த கிரவுண்டுப் பக்கமே தலைகாட்டக் கூடாது."

"காட்டமாட்டான் மேடம்."

மெரின் பாவமாகக் கேட்டாள்: "அப்போ நாளைலேர்ந்து உங்களுக்குப் பதிலா தவளக்குப்பத்துலேர்ந்து என்னை யாருப்பா ஸ்கூட்டர்ல கொண்டாந்து விடுவாங்க?"