பைப்ல ஒரு ஓட்டை

"தம்பி, உண்மையைச் சொல்லு. அந்தம்மா உனக்கு என்ன வாங்கிக் குடுக்குது?"

பைப்லைன் தம்பி வாயில வச்ச காப்பியை முழுங்கவும் முடியாம, துப்பவும் முடியாம முழிச்சான்.

"எந்தம்மாண்ணே?"

"நடிக்காதே. நம்ம ம்யூட் அக்காதான். 'ஹலோ... சார்... மெத்தை...'ன்னு எறும்பு காதுல ரகசியம் சொல்ற மாதிரி பேசுமே, அதேதான்."

கேட்டவருக்கு ஆபீஸ்ல பேரு லவுட்ஸ்பீக்கர். அவரு மெத்தை விக்கறதுக்கு போனே தேவையில்ல, ஜன்னலைத் தொறந்து வச்சா போதும்.

அது மெத்தை கம்பெனி. யாராவது வீட்டுல உக்காந்து செல்போன்ல ஒரே மெத்தையை மூணு தடவை பாத்துட்டாப் போதும். அந்தச் சேதி அந்த நிமிஷமே ஓடிவந்து, கிளவுட்ல இருக்கிற கம்பெனியோட கஸ்டமர் சிஸ்டத்துல விழும். சிஸ்டம் அதைப் பிடிச்சு, விக்கிறவங்கள்ல ஒருத்தர் ஸ்கிரீனுக்கு 'டிங்'னு தள்ளிவிடும். அவங்க உடனே போன் போட்டு, "வணக்கம் சார், முதுகு வலிங்களா?"ம்பாங்க. என் முதுகு இவனுக்கு எப்படித் தெரியும்னு பயந்தே பாதிப் பேர் வாங்கிருவாங்க.

டிங் எல்லாருக்கும் ஒரே அளவா வராது. போன வருஷம் நல்லா வித்தவங்களுக்கு நிறைய, சுமாரா வித்தவங்களுக்குச் சொற்பம். இந்தச் சேதியெல்லாம் ஓடிவர்ற பாதையைப் பாத்துக்கிறவன்தான் பைப்லைன் தம்பி.

லவுட்ஸ்பீக்கர் போன வருஷம் சுமாருக்கும் கீழ. மூணு மாசம் முன்னாடி கம்பெனிலருந்து லெட்டர் வந்துச்சு. இனிமே எந்த மாசமாவது முப்பது மெத்தைக்குக் கீழ போனா வேலை கிடையாது. ஆபீஸ் பூரா தெரிஞ்ச அந்த லெட்டர் பொண்டாட்டி கண்ணுல மட்டும் படக்கூடாதுன்னு பழைய ஷூ டப்பாவுல ஒளிச்சு வச்சாரு.

அப்புறம் என்ன ஆச்சோ, ரெண்டு மாசமும் மனுஷன் முப்பதைத் தாண்டிட்டாரு. "எல்லாம் இந்த நாக்கு பண்ற வேலை"ன்னு கேன்டீன்ல நாக்கை நீட்டி வேற காட்டினாரு.

இந்த மாசம் இதுவரைக்கும் வித்தது இருபத்தாறு மெத்தை. மிச்சம் மூணு நாள்.

இன்னிக்குக் காலையில சார்ஜர் கடன் கேக்கப் போனவரு தம்பி ஸ்கிரீனைப் பாத்துட்டாரு. சிஸ்டத்துக்கு அவன் எழுதி வச்சிருந்த, கோழி கிண்டின மாதிரி இருந்த இங்கிலீஷுக்கு நடுவுல, ஒரு வரியில ம்யூட் அக்கா பேரு. மீதியைப் படிக்கிறதுக்குள்ள தம்பி சடக்குனு மூடிட்டான்.

போதாதா?

"பைப்ல ஓட்டை போட்டு நல்ல கஸ்டமரையெல்லாம் அந்தம்மாவுக்குத் திருப்பி விடுறே. அதானே?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லண்ணே. மூணு மாசமா அவங்க சேல்ஸ் குறைஞ்சுதானே இருக்கு? அறுபது வித்தவங்க நாப்பத்தஞ்சுக்கு வந்துட்டாங்க."

"அங்கதான்டா அந்தம்மா மூளையைப் பாக்கணும். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு வேணும்னே குறைச்சுக் காட்டுது."

தம்பி தலையில கை வச்சுக்கிட்டான்.

"அண்ணே, சொன்னாக் கேளுங்க. இதைக் கிளறாதீங்க."

"ஏன் கிளறக்கூடாது? எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு. என் வேலை போனா நீ வந்து ஸ்கூல்ல சேப்பியா? அந்தம்மா பேரு போட்ட அந்த வரியை இப்பவே அழி. இல்லைன்னா நேரா மானேஜர் ரூம்தான்."

சொன்ன இடத்துலருந்தே அது மானேஜர் ரூம் வரைக்கும் கேட்டிருக்கும். ம்யூட் அக்காவுக்குக் கேக்காம இருக்குமா? எழுந்து வந்து நின்னாங்க.

"அக்கா, நீங்களே பாருங்க. நான் இவருக்குப் படிச்சே காட்டிடறேன்"ன்னு தம்பி கெஞ்சினான்.

"வேணாம் தம்பி. அவரு சொன்னபடி அழிச்சுடு."

"அக்கா..."

"நீ எனக்குக் குடுத்த வார்த்தை ஞாபகம் இருக்குல்ல?"

ஆஹா, வார்த்தையெல்லாம் வாங்கியிருக்கா? லவுட்ஸ்பீக்கர் அக்கா மூஞ்சியையே உத்துப் பாத்தாரு. திருட்டு முழி ஏதாவது தெரியுதான்னு. பாத்துக்கிட்டே இருந்ததுல, தம்பி அந்த வரியைத் தொறந்ததையும் பாக்கல, அழிச்சதையும் பாக்கல.

"முடிஞ்சுதாடா?"

"முடிஞ்சுதுண்ணே."

சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கிட்டு சீட்டுல வந்து உக்காந்தாரு. ஹெட்போனை மாட்டினாரு. தொண்டையைச் செருமினாரு. நாலே நாலு மெத்தை, ஊதித் தள்ளிடலாம்.

அக்கா சீட்டுல டிங்.

பரவாயில்ல, அடுத்தது நமக்குத்தான்.

அக்கா சீட்டுல டிங். டிங். கொஞ்சம் விட்டு மறுபடியும் ஒரு டிங்.

ஒவ்வொரு தடவையும் அக்கா திரும்பி இவரைப் பாத்தாங்க. நக்கலைப் பாருன்னு பல்லைக் கடிச்சாரு.

மத்தியானம் வரைக்கும் இவருக்கு அடிச்சது ஒரே ஒரு டிங். அதுவும் போன் போட்டா, ஒரு குழந்தை செல்போனை வச்சு விளையாடியிருக்கு. "அம்மா குளிக்கிறாங்க"ன்னு சொல்லி வச்சிருச்சு.

எழுந்தாரு. விறுவிறுன்னு தம்பி முன்னாடி போய் நின்னாரு.

"டேய், என்னை என்ன கேனையன்னு நெனச்சியா? நீ அந்த வரியை அழிக்கவே இல்ல."

"அழிச்சாச்சுண்ணே. இப்பதான் அவங்கவங்க பங்கு அவங்கவங்களுக்குச் சரியாப் போகுது."

"அப்ப என் பங்கு எங்கடா?"

தம்பி மெதுவா, அக்கா குரல் அளவுக்கு மெதுவா சொன்னான்:

"உங்க பங்கு இவ்வளவுதாண்ணே. மூணு மாசமா உங்களுக்கு அடிச்சதுல பாதிக்கு மேல அக்காவோட டிங். உங்களுக்கு லெட்டர் வந்த அன்னிக்கு, அதையெல்லாம் உங்க பக்கம் திருப்பச் சொல்லி அவங்க எழுத வச்ச வரியைத்தான் காலையில நீங்க அழிக்கச் சொன்னீங்க."