கம்பம் பிழைத்த கதை

டிரைவிங் ஸ்கூல் முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"அந்த மேடம் மூணு தடவை ஃபெயில். இன்னிக்கும் ஃபெயிலானா நீங்க வேற வேலை பாருங்க, மாஸ்டர்."

மாஸ்டர் கடவுளை வேண்டிக்கொண்டு காரில் ஏறினார். படிக்க வரும் எல்லோரையும் சார், மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது ஸ்கூல் விதி.

"மேடம், தயவுசெஞ்சு கிளச்சை மெதுவா விடுங்க."

"சரிங்க சார்."

சந்து, திருப்பம், மேடு, எல்லாவற்றிலும் கார் அழகாகப் போனது.

"இவ்வளவு நல்லா ஓட்டுறீங்க. டெஸ்ட்ல மட்டும் ஏன் மேடம் கம்பத்துல இடிக்கிறீங்க?"

"வேணும்னுதான் சார்."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பாஸாயிட்டா வகுப்பு முடிஞ்சிடுமே. அப்புறம் என்னை மேடம்னு யாரு கூப்பிடுவா? தயவுசெஞ்சுன்னு யாரு சொல்லுவா?"

மாஸ்டர் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். "நான் கூப்பிடுறேன் மேடம். கடவுள் சத்தியமா."

"வகுப்பு முடிஞ்ச பிறகுமா?"

"எப்பவும்."

அன்று கம்பம் பிழைத்தது. மாஸ்டரின் வேலையும் பிழைத்தது.

மாலையில் மாஸ்டர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். வழக்கமாக, "ஏய், தண்ணி கொண்டா" என்பார். இன்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், தயவுசெஞ்சு கொஞ்சம் தண்ணி குடுக்குறீங்களா?"

"இதோ வர்றேங்க சார்" என்று சமையலறையிலிருந்து அவருடைய மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள். காலையில் கம்பத்தைக் காப்பாற்றிய அதே மேடம்.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் பயந்துபோய் நிமிர்ந்தாள்.

"அப்பா, ரெண்டு பேருக்கும் சண்டையா?"