கடைசிச் சொத்தைப் பல்

எங்கள் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளின் கடைவாய்ப் பற்களில் ஒரு பள்ளம் விடாமல் சீலண்ட் என்ற காப்புப் பூச்சைப் பூசி, சொத்தையையே ஒழித்த பல் டாக்டர் நான்தான். அந்தப் பள்ளி முகாம்களில் அவர்கள் பாக்கெட்டிலிருந்து பிடுங்கிய கடலை மிட்டாயையெல்லாம் தின்று தீர்த்ததும் நான்தான்.

இன்று மாவட்டத்தில் மிச்சமிருக்கும் ஒரே சொத்தைப் பல் என் வாயில். பல் மருத்துவம் படிக்கும் மகள் நித்திலா, 'அழிந்துபோன நோய்கள்' பாடத்துக்காகத் தன் வகுப்பையே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். "நல்லா ஆ காட்டுங்கப்பா" என்று அவள் டார்ச் அடிக்க, ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி செல்ஃபியே எடுத்துக்கொண்டாள்.

பல் விண்விண்ணென்று தெறித்தது. "பார்த்தது போதும், அடைச்சு விடும்மா" என்றேன்.

நித்திலா திருதிருவென்று விழித்தாள். "அடைக்கறதா? அது எங்க சிலபஸ்லயே இல்லையேப்பா. இனிமே எதுக்குன்னு நீங்கதானே சண்டை போட்டு அந்தப் பாடத்தையே எடுக்க வச்சீங்க?"